ஐயா வாங்கிய செவர்லேவுக்கு எந்த எஞ்சின்?

முன்னோருக்குச் செய்கிற படைப்புக்குப் பங்காளிகள் கூடினால் எங்கள் வீட்டில் ஓடு மாற்றுவது, மராமத்துப் பங்கு, யார் எவ்வளவு பாக்கி என்றுதான் பேச்சு ஓடும். போன தடவை பந்தி முடிந்து வளவுத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சிங்கப்பூர் அண்ணன் வேறு விஷயத்தை எடுத்தார். "கொட்டகையில நிக்கிற செவர்லேக்கு ஒரு வி8 எஞ்சினைப் போட்டு ஓட விட்டா என்ன?" சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் விடவில்லை. "வி8 எதுக்கு அண்ணே, இன்னோவா எஞ்சின் போடுவோம். ஊருக்கு ஊர் ஸ்பேர் கிடைக்கும்." அப்பச்சி, அதாவது என் அப்பா, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "அதுலதான் ஏற்கெனவே ஒரு எஞ்சின் இருக்கே."

பங்காளிகளில் காரைக்குடியிலேயே இருப்பவன் நான் ஒருவன். அதனால் விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நாலு மாதம் பட்டறை பட்டறையாக அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் இன்னும் எத்தனையோ கொட்டகைகளில் இப்படி ஒரு வண்டி தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. யாராவது ஒருவருக்கு இது உதவினால் என் பெட்ரோல் செலவு வீண் போகவில்லை.

எங்கள் வண்டி செவர்லே 3100, அரை டன் பிக்கப். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் ஆலை போட்டு, ஐம்பதுகளின் நடுவில் மூடிக்கொண்டு போகும்வரை இங்கேயே வண்டி பூட்டி விற்றது. ஐயா, எங்கள் தாத்தா, நெல் மில்லுக்காக வாங்கியதாக வீட்டில் சொல்வார்கள். என்ன வருஷத்து வண்டி என்று தெரியாதவர்கள் கதவைப் பார்த்தாலே போதும். கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாகத் திறக்கிற சின்னக் கண்ணாடி 1951-ல்தான் வந்தது. அமுக்குகிற பொத்தான் வைத்த கைப்பிடி 1952-ல் வந்தது. எங்களுடையதில் முக்கோணக் கண்ணாடி இருக்கிறது, கைப்பிடி திருகுகிற ரகம். ஆக 1951. பின் தொட்டியின் தரைப்பலகை மட்டும் கம்பெனி போட்டதில்லை. வீட்டுக்கு வந்த பர்மாத் தேக்கில் மிச்சமானதை ஐயா இழைத்துப் போட்டிருக்கிறார். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் ஒருவர் பார்க்க வந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை, பலகைக்கு விலை கேட்டார்.

எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். எங்கள் வீட்டில் அது பெட்டகத்தில் நகைப்பெட்டி ரசீதுகளோடு கிடந்தது. பெயர் ஐயாவுடையது. ஐயா காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் எண் படிவம் இருக்கிறது. ஆனால் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒருவர் பெயருக்கு விட்டுக்கொடுத்தால்தான் வேலை நகரும். வீட்டை ஆளுக்கு ஒரு அறையாகப் பிரித்துக்கொள்ளலாம். வண்டியை அப்படிப் பிரிக்க முடியாது. இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் எந்த எஞ்சின் வாங்கினாலும் அது கொட்டகைக்குள்ளேயே உறுமிக்கொண்டு இருக்கும்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கிப் பிடித்துச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். வேறு எஞ்சின் போட நினைப்பவர் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். வேறு கம்பெனி, வேறு எரிபொருள் என்றால் "இல்லை" என்ற பதில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியே ஓட்டினால் விபத்து நடக்கிற நாளில் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் எஞ்சின் நம்பரைத்தான் பார்ப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிந்த வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினப்படி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பட்டறைக்குப் போவது, அவ்வளவுதான். பிக்கப் வைத்திருப்பவர்கள் இதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று எழுதியிருந்தால் இந்த வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கானாடுகாத்தானில் ஹோட்டல் நடத்தும் ஒருவர், விருந்தாளிகளை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்ட எங்கள் வண்டியைக் கேட்டார். இந்த விதியைச் சொன்னதும் பேச்சை மாற்றி இட்லி கொண்டுவரச் சொன்னார்.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். முதலில் அப்பச்சி சொன்ன எஞ்சின், வண்டியோடு வந்தது.

ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், நம் கணக்கில் மூன்றரை லிட்டர். 92 குதிரைத் திறன் என்று கம்பெனி சொன்னது. இன்றைக்கு ஒரு சின்ன காரே அதைக் கொடுக்கிறது என்று சிரிக்க வேண்டாம். இந்த எஞ்சின் இழுக்கிற விதம் வேறு. மூன்றாவது கியரில் மாடு போகிற வேகத்துக்கு இறங்கினாலும் முனகாமல் திரும்ப எழும். கம்ப்ரஷன் குறைவு என்பதால் எந்த பெட்ரோலும் இதற்குச் சரிப்படும். ஈயம் கலந்த பெட்ரோல் போய் இருபத்தைந்து வருஷமாகிறது. மெதுவாக ஓட்டுகிற வண்டிக்கு வால்வு சீட்டில் அதனால் பெரிய கேடு வரவில்லை. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால்தான் கொஞ்சம் தொல்லை. பம்பு டயாஃப்ரம், ஹோஸ், கார்பரேட்டர் கேஸ்கெட் என்று பழைய ரப்பரும் கார்க்கும் உள்ள இடமெல்லாம் மாற்றிவிட வேண்டும்.

இதன் பலவீனம் அடியில் இருக்கிறது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கன்ராடின் பேரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தில் போகாது. ஒவ்வொரு ராடு மூடியின் அடியிலும் கரண்டி மாதிரி ஒரு நாக்கு இருக்கும். கிராங்க் சுற்றும்போது அது, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்குகிற சம்ப்பில் இருக்கும் தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளி எடுத்துக்கொள்ளும். பேரிங்கும் கழற்றி மாற்றுகிற ஷெல் கிடையாது, ராடிலேயே ஊற்றிய ஒயிட் மெட்டல். வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்ட்டிமனியும் செம்பும் சேர்ந்த கலவை. நிதானமாக ஓட்டினால் தலைமுறைக்கும் நிற்கும். மணிக்கணக்கில் விரட்டினால் உருகி உதிரும். எண்ணெய் மீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த மீட்டரே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டோடு முடிந்துவிடும். ஓடும்போது முள் 15 பக்கத்தில் நின்றால் போதும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு பாயைக் கூட்டிவந்தேன். எழுபது தாண்டியவர். நெல் மில்களில் ஆயில் எஞ்சின் ஓடிய காலத்திலிருந்து ஒயிட் மெட்டல் ஊற்றிப் பழகிய கை. சம்ப்பைக் கழற்றச் சொல்லி, சாக்கை விரித்து அடியில் மல்லாந்து படுத்தார். முதல் ராடின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மூடிக்கும் ராடுக்கும் இடையில் காகிதம் போல மெல்லிய ஷிம் தகடுகள் இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தன. பக்கத்துக்கு ஒன்றாக உரித்து எடுத்துவிட்டு மூடியை முறுக்கினார். சின்னச் சுத்தியலால் ராடின் ஓரத்தில் 'டக்' என்று ஒரு தட்டு. ராடு கிராங்கின் மேல் மயிரிழை நகர்ந்தது. மறுபக்கம் தட்டினார், திரும்பி வந்தது. "இது போதும் தம்பி. நகரலன்னா பிடிச்சுக்கும், தானா ஆடுனா சத்தம் போடும்." ஐந்து ராடுகளை இப்படியே சரி செய்தார். நாலாவதில் மட்டும் மெட்டல் திட்டுத் திட்டாகப் பெயர்ந்திருந்தது. அதை வழித்துவிட்டுப் புதிதாக ஊற்றி, துளையை அளவுக்குக் கடைந்து போர் அடிக்க வேண்டும். பிளாக்கில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்தோம். வெடிப்பு இல்லை.

பிளாக் முழுசாக இருப்பதுதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி. உங்கள் வண்டியில் பிளாக் வெடித்திருந்தாலோ, எஞ்சினை யாராவது எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருந்தாலோ, இதுவரை எழுதியதில் பாதி உங்களுக்கு வேண்டாம். நேராகக் கீழே போங்கள்.

வேகக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். 28 அங்குல டயர், பின் ஆக்ஸில் கிரவுன் பினியனின் பல் விகிதம் 4.11, மூன்றாவது கியர் நேரடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 2,450 சுற்றில் ஓடும். அந்த வேகத்தில் கொஞ்ச தூரம் போகலாம், திருச்சி வரைக்கும் விடாமல் போவது இந்த எஞ்சினுக்கு ஆகாது. 60, 65-ல் ஓட்டினால் அதற்கும் சந்தோஷம், நமக்கும் சாலையோரம் பார்த்துக்கொண்டு போகலாம்.

மின்சாரம் 6 வோல்ட். பலர் இதற்காகவே எஞ்சினைக் குறை சொல்வார்கள். செல்ஃப் இழுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரி கேபிளைப் பாருங்கள். எப்போதோ ஒருவர் 12 வோல்ட் காருக்கான மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார். தடித்த கேபிளும் சுத்தமான எர்த்தும் கொடுத்ததும் எங்களுடையது ஒரே சுற்றில் பிடித்தது. வைப்பர் மட்டும் எஞ்சினின் வேக்குவத்தில் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் வைப்பர் தூங்கிவிடும். ஐப்பசி மழையில் பாலம் ஏறும்போது காலை எடுத்து எடுத்து ஓட்ட வேண்டும். இதையும் ஒரு குறையாகத்தான் எழுதுகிறேன், ரசனை என்று பூசி மெழுகவில்லை.

இதே குடும்பத்தில் ஒரு தம்பி எஞ்சின் உண்டு, 235. 1954-லிருந்து வந்தவற்றில் கன்ராடுக்கும் எண்ணெய் அழுத்தத்தில் போகும், பேரிங் ஷெல் ரகம். கொஞ்சம் கைவேலை செய்தால் 216 இருந்த இடத்தில் உட்காரும், பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுத்திருப்பேன். இங்கே ஒன்று கிடைப்பது அரிது. கப்பலில் வரவழைத்தால் சுங்கமும் வாடகையும் சேர்ந்து நம் எஞ்சினை மீட்கும் செலவை எங்கோ தாண்டிவிடும். எஞ்சின் நம்பரும் மாறும் என்பதால் அலுவலகப் படி ஏறாமல் முடியாது.

இனி தம்பி சொன்ன டொயோட்டா. சும்மா சொல்லக் கூடாது, யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான். 2005-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் இன்னோவாவில் வந்த 2கேடி டீசல், 2,494 சி.சி., 102 குதிரைத் திறன். எஞ்சின் நீளவாக்கில் நிற்கும், பின்சக்கரத்துக்குச் சக்தி போகும், ஐந்து கியர். பழைய பிக்கப்புக்கு இந்த அமைப்புதான் பொருந்தும். இன்றைய பெரும்பாலான கார் எஞ்சின்கள் குறுக்கே படுத்து முன்சக்கரத்தை ஓட்டுபவை, அவற்றைத் திருப்பி நிறுத்துவது வீண் வேலை. ஐந்தாவது கியரில் அதே 80 வேகத்துக்கு எஞ்சின் இரண்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் அலட்டாமல் ஓடும். இதை ஓட்டித் தேய்த்த டாக்ஸிகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன, கை வைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை.

ஆனால் எஞ்சினை இறக்கி வைத்துவிட்டால் ஓடிவிடாது. 1954 வரை வந்த இந்த செவர்லேக்களில், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற புரொபெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். அந்தக் குழாய் ஒரு பக்கம் கியர்பாக்ஸோடும் மறுபக்கம் பின் ஆக்ஸில் இருக்கும் ஹவுசிங்கோடும் சேர்த்துப் பூட்டியது. கியர்பாக்ஸை மாற்றினால் குழாய் போகும். குழாய் போனால் பின் ஹவுசிங்கும் போகும். வேறு வண்டியின் ஹவுசிங்கைத் தேடிப் பிடித்து, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தை வெல்டு செய்து, சக்கரம் மட்கார்டுக்குள் சரியாக நிற்கிறதா என்று அளந்து போட வேண்டும். ஒரு ஆறுதல், இந்த வண்டியின் சக்கரம் 6 போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். டொயோட்டா ஃபார்ச்சூனருக்கும் அதே அளவு. ரிம் தேட அலைய வேண்டாம்.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி டீசல் தெளிக்கிற காமன் ரெயில் எஞ்சின் என்பதால், அந்தக் கம்ப்யூட்டரான இ.சி.எம்., வயரிங் முழுசும், ஆக்சிலேட்டர் பெடல், திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் உள்ள வண்டியானால் அதன் சாவி, எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். எஞ்சின் ஒரு கடையில், வயரிங் இன்னொரு கடையில் என்று வாங்கினால் வருஷக்கணக்கில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எஞ்சின் எரியாது. டீசல் திரும்பி வர டாங்கில் இன்னொரு குழாய் வேண்டும். இந்த வண்டியில் டாங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பெட்ரோலுக்குப் பதில் டீசல் இருப்பது நல்லதுதான் என்று ஒத்துக்கொள்கிறேன்.

எஞ்சினைச் சேஸில் உட்கார வைக்கிற மவுண்டிங் விஷயத்தில் நான் ஒரு தடவை சூடுபட்டவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஜீப்பில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் போட்டேன். ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறது என்று பட்டறைக்காரர் எஞ்சினின் முன்பக்கத்தை ஒரு அங்குலம் இறக்கி வெல்டு வைத்துவிட்டார். முன்பக்கம் இறங்கினால் கியர்பாக்ஸின் வால் மேலே தூக்கும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் மூட்டாக இருக்கிற க்ராஸுக்குக் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. 50-ல் ஒரு நடுக்கம், 60-ல் பல் கிட்டுகிற நடுக்கம். டயர் பேலன்ஸ் என்று இரண்டு தடவை காசு கொடுத்தேன். மூன்றாவது மாதம் திருமயம் கோட்டை கண்ணில் படுகிற இடத்தில் முன் க்ராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு சாலையில் இழுபட்டது. பின்சீட்டில் யாரும் இல்லை. கிழிந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது.

அந்த ஜீப்புக்கு எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றப் போனது அதற்கும் பிறகு. முதலில் அனுமதி, அப்புறம் வேலை என்கிற வரிசையைத் தலைகீழாகச் செய்தவன் நான். எட்டு மாதம் நடந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

ஆக டொயோட்டாவின் உண்மையான விலை எஞ்சினின் விலையைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒரு பங்கு. ஹவுசிங், ஷாஃப்ட், மவுண்டிங், ரேடியேட்டர் ஒரு பங்கு. வயரிங், 12 வோல்ட் மாற்றம், பிரேக் ஒரு பங்கு. அனுமதி கிடைக்காவிட்டால் மூன்றும் தண்டம். சொந்த எஞ்சின் தொலைந்துபோன வண்டிக்கு, ஏற்கெனவே எப்போதோ டீசல் ஏற்றி ஆர்.சி.யிலும் எழுதியிருக்கும் வண்டிக்கு, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எங்களுடையது அந்த ரகம் இல்லை.

சிங்கப்பூர் அண்ணனின் வி8-க்கு வருவோம். 1997-ல் செவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த எல்.எஸ். என்கிற எட்டு சிலிண்டர் எஞ்சின் குடும்பம். பெரிய எஞ்சினாக இருந்தும் இடம் குறைவாக எடுக்கும், எடையும் அதிகம் இல்லை. அமெரிக்காவில் இதே வண்டிக்கு முக்கால்வாசிப் பேர் தேடுவது 1999-லிருந்து சில்வராடோ பிக்கப்பில் வந்த 5.3 லிட்டர் வார்ப்பிரும்பு எஞ்சின். அங்கே பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். மவுண்டிங்கிலிருந்து சைலன்சர் வரை இதே வண்டிக்கென்று செய்து விற்கிறார்கள். பணம் இருந்தால் எல்.எஸ்.3 என்று 6.2 லிட்டர், 430 குதிரைத் திறன் புது எஞ்சினையே பெட்டியில் கொடுப்பார்கள். அண்ணன் அனுப்பிய வீடியோவில் ஒருவர் சாவியைத் திருப்பியதும் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து போய்விட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 92 குதிரைக்குச் செய்த சேஸில் 430 குதிரையைப் பூட்டினால் அடுத்த நாளே முன் ஆக்ஸில், ஸ்டீயரிங், பிரேக், பின் ஹவுசிங் எல்லாம் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் முன்பக்க ஆக்ஸிலை அறுத்து எறிந்துவிட்டுத் தனித்தனி சஸ்பென்ஷன் வைப்பது இதனால்தான். அதற்கப்புறம் ஐயாவின் வண்டியில் மிச்சம் இருப்பது கேபினும் தேக்குப் பலகையும். இந்தியச் சட்டத்தில் இதற்குச் சாலை அனுமதி வாங்குவது குதிரைக் கொம்பு. எங்கள் தெருவில் இரண்டாவது கியரே போட முடியாது என்பதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

மின்சார மோட்டார் போடலாமே என்று அலுவலகத்தில் ஒரு இளைஞர் கேட்டார். காரைக்குடிக்காரன் இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்போன சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-லிருந்து இங்கேதான் இருக்கிறது, அழகப்பர் கொடுத்த நிலத்தில். 52-வது பிரிவும் எரிபொருள் மாற்றும் கிட்டுக்குத் தனி வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கிட்டுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தின்படி வண்டி ரகம் பார்த்து ஒப்புதல் வேண்டும். 1951 செவர்லேக்கு ஒப்புதல் வாங்கிய கிட்டை நான் பார்க்கவில்லை. யாராவது கொண்டுவந்தால் அன்றைக்குப் பேசலாம்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் பிரேக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருக்கிறது, எண்ணெய் ஊற்ற மேலே மிதியடியைத் தூக்க வேண்டும். ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லாமல் போய்விடும். ஐயா காலத்தில் சாலையில் எதிரே வந்தது மாட்டுவண்டி. இப்போது வருவது தனியார் பஸ். எஞ்சினுக்கு வைத்த பணத்தில் முதல் பகுதி ஹோஸ், வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் அத்தனையும் புதிதாகப் போடுவதற்குப் போகட்டும். இரண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டரும் போட முடிந்தால் போட்டுவிடுங்கள்.

முடிவு என்று நான் பங்காளிகளுக்கு எழுதிய கடிதத்தில் ஒரே கேள்விதான் கேட்டேன். இந்த வண்டி எங்கே போகப் போகிறது? அண்ணன் வருஷத்துக்குப் பத்து நாள் ஊரில் இருப்பார். தம்பி பொங்கலுக்கும் படைப்புக்கும் வருவான். வண்டி போவது பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான். எதுவும் இருபது கிலோமீட்டரைத் தாண்டாது. வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நடை வேகத்தில் தெருவைச் சுற்றி வரும். அந்த வேலைக்கு மூடியில் கரண்டி வைத்து எண்ணெய் அள்ளுகிற எஞ்சினே மிச்சம். சென்னைக்கு ஓட்ட வேண்டும் என்று தம்பிக்கு ஆசை இருந்தால் அவனிடம் நல்ல கார் இருக்கிறது.

நாலாவது ராடுக்கு பாய் மெட்டல் ஊற்றிவிட்டார். புதுவயலில் மில் சாமான் வேலை செய்யும் லேத்தில் போர் அடித்து வாங்கினோம். ரிங் செட் வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அனுமதி பற்றி நான் எழுதிய கடிதம் போய்ச் சேர்வதற்குள் தம்பி மதுரையில் ஒரு இன்னோவா எஞ்சினுக்கு முழுப் பணமும் கட்டி டெம்போவில் அனுப்பிவிட்டான். கியர்பாக்ஸ், வயரிங், சாவி, எல்லாம் ஒரே வண்டியுடையது, அதில் குறை சொல்ல முடியாது. பின்கட்டு முற்றத்தில் இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது. நேற்று போனில், "அண்ணே, வெயில் மழை படாம மூடி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். மூடித்தான் இருக்கிறது என்றேன். மேலே தார்ப்பாய், அதற்கு மேல் அப்பச்சியின் பழைய வேட்டி, அதில் வரிசை வரிசையாகக் கூழ்வத்தல். உயரம் சரியாக இருக்கிறது, கோழி எட்டாது என்கிறாள் ஆத்தா.